முதுமலைப் பக்கம் சின்னதாக ஏதாவது கட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மசினகுடி, மாவனல்லா, பொக்காபுரம், வாழைத்தோட்டம், மாயாறு பக்கம் நிலம் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் காட்டுக்குள் இருக்கும் ஊர்க்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

"சார், நேஷனல் பார்க், சரணாலயம், டைகர் ரிசர்வ் எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை. ஒரே காட்டின் மேல் வெவ்வேறு காலத்தில் போட்ட வெவ்வேறு கோடுகள். முதுமலை 1940-இல் சரணாலயம் ஆனது. பிற்பாடு அதன் ஒரு பகுதி தேசியப் பூங்கா ஆனது. 2007-இல் புலிகள் காப்பகம் ஆனது. காப்பகத்தின் உள்வட்டம் 321 சதுர கி.மீ., வெளிவட்டம் சுமார் 367 சதுர கி.மீ. உள்வட்டத்தைக் ‘கோர்’ என்றும் வெளிவட்டத்தைப் ‘பஃபர்’ என்றும் எல்லோரும் சொல்கிறார்கள்.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 35-இன்படி அறிவிப்பதுதான் தேசியப் பூங்கா. சரணாலயத்தில் சில உரிமைகளைத் தொடர விடலாம். பூங்காவில் தனியார் உரிமைகளைத் தீர்த்துவிட்டுத்தான் இறுதி அறிவிப்பே வரும், ஆடுமாடு மேய்க்கவும் இடமில்லை. பஃபர் அப்படியல்ல. அங்கே ஊர் உண்டு, பட்டா உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. மக்களின் பிழைப்பும் காட்டுயிரும் ஒத்துப்போக வேண்டிய பகுதி என்று சட்டமே (பிரிவு 38வி) சொல்கிறது.

இவை போதாதென்று, 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் சூழல் உணர்திறன் மண்டலம் (பூங்கா, சரணாலய எல்லையைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டுப் பகுதி) தனிக்கோடு. சீகூர் யானை வழித்தடம் இன்னொரு கோடு. மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம், அதாவது ‘ஹாக்கா’வின் ஊர்ப்பட்டியல் வேறொன்று. ஒரே சர்வே எண் இவற்றில் மூன்று நான்கில் மாட்டியிருக்கலாம். எவ்வளவு பெரிதாகக் கட்டுகிறோம் என்ற கேள்வி, எந்தக் கோட்டுக்குள் கட்டுகிறோம் என்பது தெரிந்த பிறகுதான் வரும்.

"என் இடம் எந்தக் கோட்டுக்குள்ள வருதுன்னு நானே எப்படிப் பாக்குறது?"

உட்பிரிவோடு சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டா, அ-பதிவேட்டின் (கிராம நிலப் பதிவேடு) நகல், புல வரைபடம், வில்லங்கச் சான்று நான்கும் வேண்டும். அ-பதிவேட்டில் நில வகைப்பாட்டைப் பாருங்கள். நிலத்தின் நான்கு மூலைகளுக்கும் ஜி.பி.எஸ். புள்ளி எடுத்துப் புல வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு புலிகள் காப்பகத் துணை இயக்குநர் அலுவலகத்துக்கும் வருவாய்த் துறைக்கும் எழுத்தில் கேளுங்கள். இந்த எண் தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன் பிரிவு 4 அல்லது 16 (காப்புக்காடு) அறிவிப்பில் உள்ளதா? கோரா, பஃபரா? சூழல் உணர்திறன் மண்டலத்துக்குள் வருகிறதா? 2010-இல் அரசு அறிவித்த யானை வழித்தடப் பட்டியலில் உள்ளதா? 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் பொருந்துமா? ஹாக்கா ஊரா? வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், அதற்கு நாளைக்கு மதிப்பில்லை. பதிலே வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுங்கள். 30 நாள் கெடு உண்டு.

கைபேசி வரைபடத்தில் பச்சை நிறம் இல்லை என்பதெல்லாம் ஆதாரமே அல்ல. பட்டா இருப்பதும் முழு விடை இல்லை. தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட பட்டா நிலத்தை விற்கவும் மரம் வெட்டவும் மாவட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும். கூடலூர்ப் பக்கம் ‘செக்‌ஷன் 17’ நிலம் என்றால் அது 1969-ஆம் ஆண்டு ஜென்மம் (பரம்பரை நில உடைமை) ஒழிப்புச் சட்டத்தில் சிக்கிய நிலம். அதில் கட்டடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உரிமையே தீராத வழக்கு.

"பூங்காவுக்குள்ள ஒரே ஒரு ரூம், பத்துக்குப் பத்து. அதுக்குமா தடை?"

ஆமாம். பிரிவு 35(6)-இன்படி தேசியப் பூங்காவுக்குள் காட்டுயிர் வாழிடத்தைச் சேதப்படுத்தவோ வேறு பயனுக்கு மாற்றவோ, நீரோட்டத்தைத் திருப்பவோ தடுக்கவோ கூட்டவோ தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அந்த வேலை வன உயிரின மேம்பாட்டுக்கும் நல்ல நிர்வாகத்துக்கும் தேவை என்று தேசிய வன உயிரின வாரியத்தைக் கலந்து மாநில அரசு முடிவெடுத்தால்தான் அவர் அனுமதி தர முடியும். இந்தப் பிரிவில் பரப்பளவே இல்லை. நூறு சதுர அடியும் லட்சம் சதுர அடியும் அதற்கு ஒன்று.

வேட்டைத் தடுப்பு முகாம், கண்காணிப்புக் கோபுரம், ரோந்துப் பாதை போன்றவற்றை நிர்வாகத் தேவைக்காக வனத்துறை கட்டுவது பிரிவு 33-இன் கீழ். அதிலும் வணிக நோக்கில் சுற்றுலா விடுதி என்றால், அரசு விடுதியே ஆனாலும், தேசிய வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். சென்னை கிண்டியும் தேசியப் பூங்காதான், மூன்று சதுர கி.மீ.கூட வராது, அங்கேயும் இதே பிரிவுதான்.

"அப்போ உள்ளே இருக்குற பழங்குடி ஊருக்கு ரோடு, தண்ணி, அங்கன்வாடிகூடக் கிடையாதா?"

கிடைக்க வழி உண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2) பதின்மூன்று வசதிகளைப் பட்டியல் போடுகிறது: பள்ளி, மருந்தகம் அல்லது மருத்துவமனை, அங்கன்வாடி, நியாய விலைக் கடை, மின்–தொலைத்தொடர்புக் கம்பி, குளம் முதலிய சிறு நீர்நிலை, குடிநீர் வழங்கலும் குழாயும், மழைநீர் சேகரிப்பு, சிறு பாசனக் கால்வாய், மரபுசாரா எரிசக்தி, தொழிற்பயிற்சி மையம், சாலை, சமுதாயக் கூடம். கோயில், கடை, தங்கும் விடுதி, கைபேசிக் கோபுரம் பட்டியலில் இல்லை. கோபுரத்தைத் ‘தொலைத்தொடர்புக் கம்பி’ என்று எழுதி அனுப்பினால் திரும்பி வரும்.

நிபந்தனை மூன்று. ஒவ்வொரு வேலைக்கும் வன நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். வசதியை அமைத்துத் தருவது அரசு. தனியார் யாரும் இந்த வழியில் வர முடியாது.

"ஒரு ஹெக்டேர்னா எவ்வளவு தூரம் ரோடு வரும்?"

ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். 3 மீட்டர் அகலத்தில் 3,300 மீட்டர் நீளம் போட்டால் 0.99 ஹெக்டேர். காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இரு பக்கமும் அரை மீட்டர் வடிகால் சேர்த்தால் அகலம் 4 மீட்டர் ஆகிறது. அப்போது 2,475 மீட்டரோடு நிற்க வேண்டும். சாலையோரத் தோள்பட்டையும் (ஷோல்டர்) சேர்த்து 6 மீட்டர் என்று மதிப்பீட்டில் எழுதிவிட்டால் 1,650 மீட்டர்தான். சரிவில் மேட்டை வெட்டும் இடமும் மண்ணைக் கொட்டும் இடமும் கணக்கில் சேரும். பொறியாளர் தார் போடும் அகலத்தை மட்டும் பெருக்குவார். ரேஞ்சர் டேப்பைப் பிடித்து வெட்டுப்படும் அகலம் முழுவதையும் அளப்பார். பாதி விண்ணப்பம் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் அடிபடுகிறது.

நீளமான சாலையை இரண்டு விண்ணப்பமாக வெட்டுவதும் வழக்கமாகிவிட்டது. முதல் துண்டு நடுக்காட்டில் முடிந்தால் அது எந்த ஊருக்குப் போகிறது என்ற கேள்வி வரும். அகலத்தைக் குறைப்பதுதான் நேர்வழி. குடிநீர்க் குழாய்க்கு இந்தத் தொல்லை இல்லை: 60 செ.மீ. அகலத்தில் 1,500 மீட்டர் பள்ளம் எடுத்தாலும் 0.09 ஹெக்டேர்தான்.

மரக்கணக்கு விகிதப்படி. 0.6 ஹெக்டேருக்கு 45 மரம். ஒவ்வொரு மரத்துக்கும் எண், இனம், நெஞ்சளவு உயரத்தில் (1.37 மீட்டர்) சுற்றளவு என்று அட்டவணை போட்டு இணையுங்கள். எண்ணிக்கை மீறினால் பாதையைச் சற்று வளைத்தாலே பெரும்பாலும் உள்ளே வந்துவிடும்.

"கிராம சபைத் தீர்மானம் வச்சும் திருப்பி அனுப்பிட்டாங்களே, ஏன்?"

நீங்கள் வைத்தது பஞ்சாயத்தின் கிராம சபைத் தீர்மானமாக இருக்கும். வன உரிமைச் சட்டம் கேட்பது அந்தக் குக்கிராமத்தின் சபை: வயது வந்த எல்லோரும் உறுப்பினர், குறைந்தது பாதிப்பேர் வர வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். மே 1 கூட்டத்தில் முப்பது தீர்மானத்தோடு முப்பத்தொன்றாகப் போட்டது செல்லாது. வருகைப் பதிவேட்டில் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையும் வந்தவர் எண்ணிக்கையும் பெண்கள் எண்ணிக்கையும் தனித்தனியாக இருக்க வேண்டும். கைநாட்டுக்குப் பக்கத்தில் பெயர் வேண்டும்.

நடைமுறையை 2009 மே மாதம் பழங்குடியினர் நல அமைச்சகம் வகுத்தது. வேலை செய்யும் துறை படிவம் ‘அ’ நிரப்பித் தீர்மானத்தோடு ரேஞ்சரிடம் தரும். அவர் இடத்தைப் பார்த்துப் படிவம் ‘ஆ’வில் கருத்தெழுதி மாவட்ட வன அலுவலருக்கு அனுப்புவார். அவர் ஒப்புக்கொண்டால் அனுமதி, மறுத்தால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு இறுதி முடிவெடுக்கும். ரேஞ்சர் மறுத்துவிட்டார் என்று ஊர் திரும்பிவிடுபவர்கள் பலர். முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, கருத்துச் சொல்வதுதான் அவர் வேலை. அனுமதி வந்ததும் வேலையைத் தொடங்குங்கள். நிலம் ஒப்படைத்து ஓராண்டுக்குள் அந்தப் பயனுக்கு எடுக்காவிட்டால் வனத்துறைக்கே திரும்பிவிடும்.

"3(2) அனுமதி வாங்கிட்டா வன உயிரினச் சட்டம் குறுக்க வராதுதானே?"

இங்கேதான் கவனம் வேண்டும். பிரிவு 3(2) ‘எது எப்படியிருந்தாலும்’ என்று ஒதுக்கித் தள்ளுவது 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தை மட்டும். வன உயிரினச் சட்டத்தின் பெயர் அந்த வரியில் இல்லை. அதனால் தேசியப் பூங்காவுக்குள் என்றால் முன்னே சொன்ன 35(6) கேள்வியை வனத்துறை எழுப்பும். வன நிலம் என்பதற்கு வன உரிமைச் சட்டம் தரும் விளக்கத்திலேயே பூங்காவும் சரணாலயமும் அடங்கும் என்று ஊர் பதில் சொல்லும். இரண்டும் சட்டத்தில் உள்ளவைதான்.

நடைமுறையில் நாங்கள் சொல்வது: தீர்மானத்திலேயே மாற்று வழிகளை எழுதுங்கள். இருக்கும் வண்டித்தடத்தின் மேலேயே சாலை, தடத்தை ஒட்டியே குழாய், தூண் கம்பிக்குப் பதில் உறை போட்ட கேபிள் அல்லது சூரிய மின்சாரம், இரவில் வேலை இல்லை. புதிதாக வாழிடம் எதுவும் உடையவில்லை என்று காட்ட முடிந்தால் வாதமே சுருங்கிவிடும்.

"மசினகுடியில பட்டா இருக்கு. நாங்க குடியிருக்கத்தான் வீடு. எங்கெல்லாம் போகணும்?"

முதலில் இரண்டாவது கேள்விக்கான பதில்கள் எழுத்தில் கையில் இருக்கட்டும். வழித்தடத்திலும் தனியார் காட்டிலும் இல்லை என்றால் வீடு கட்டுவது முடியாத காரியமல்ல. உள்ளாட்சியின் கட்டட அனுமதி வேறு, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் திட்ட அனுமதி வேறு. ஹாக்கா ஊரில் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற ஆணையத்தின் ஒப்புதல் அதற்கும் முன்னால். ஹாக்கா 1990-இல் அமைந்தது. வனம், சுரங்கம், வேளாண்மைப் பொறியியல் போன்ற துறைகளின் கருத்தைக் கேட்டுத்தான் கோப்பு நகரும், ஆகவே சரிவு, மண், வடிகால் விவரங்கள் முழுமையாக இருக்க வேண்டும். கட்டட உயரத்துக்கு மலைப்பகுதியில் 7 மீட்டர் வரம்பு. சரிவான இடத்தில் பள்ளத்துப் பக்கம் ‘கார் நிறுத்த’ என்று ஒரு தளம் சேர்க்கிறார்கள். தாழ்வான பக்கத்திலிருந்து அளந்தால் அதுவே வரம்பைத் தாண்டும்.

வரைபடத்தில் வீட்டை மட்டும் காட்டாதீர்கள். மலக்குழி, கிணறு, பாதை, வேலி, விளக்கு எல்லாம் காட்டுங்கள். மலக்குழிக்கு மேல் கடப்பாக்கல் பாவினால் யானை மிதித்து உள்ளே போகும். கம்பி கட்டிய கான்கிரீட் மூடி வேண்டும். கைப்பிடிச் சுவரில்லாத கிணறும் அப்படியே. மனையில் மரம் நின்றால் சொந்த மரம் என்று வெட்டிவிடக் கூடாது, 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும்.

"போர் போடவும் ஜேசிபி விடவும் தனியா கேக்கணுமா?"

கேட்க வேண்டும், இரண்டுக்கும் தனித்தனியாக. நீலகிரியில் மண்தோண்டும் எந்திரத்துக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாடு உண்டு. கட்டட அனுமதியில் அவை அடங்கா. அனுமதி பெற்ற வீடுகூட, ஒரு நாள் ஜேசிபியால் நின்றுபோகும்.

"வேலி போட்டுக்கலாமா அண்ணே? யானை, பன்னித் தொல்லை தாங்கல."

விட்டுவிட்டுத் துடிப்பாக மின்சாரம் பாய்ச்சும் சூரிய வேலி வேறு, வீட்டு லைனிலிருந்து நேராக இழுத்த கம்பி வேறு. இரண்டாவது உயிரைக் கொல்லும், குற்றம். முதலாவதற்கும் 2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு மின்வேலிகள் விதிகளின்படி பதிவு வேண்டும். வீட்டையும் தோட்டத்தையும் சுற்றி வேலி போட்டால் பெரிதாகக் கேள்வி வராது. ஐந்து ஏக்கரையும் வளைத்து, ஓடைக்கரை வரை இழுத்தால் விலங்கு போகும் வழி அடைபடும். சீகூரில் கட்டடத்தைவிட வேலியால்தான் வழித்தடம் அதிகம் துண்டானது என்பது எங்கள் எண்ணம்.

"வீட்டுக்குன்னு அனுமதி வாங்கி ஹோம்ஸ்டே நடத்துனா என்ன?"

பயன் மாற்றம் ஆகிறது, அதற்குத் தனி அனுமதி. மத்திய சுற்றுலாத் துறையின் தங்கல்–காலை உணவுத் திட்டத்தில் அதிகபட்சம் ஆறு அறை, பன்னிரண்டு கட்டில்; உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும். சென்னையில் இருந்துகொண்டு ஆளை வைத்து நடத்துவது ஹோம்ஸ்டே அல்ல, விடுதி.

2018 ஆகஸ்டில் சீகூர் வழித்தடத்தில் உரிய அனுமதி இல்லாத 11 விடுதிகளை மூடி முத்திரையிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2021 ஜனவரியில் தீ வைத்து விரட்டப்பட்ட ஒரு யானை மசினகுடியில் இறந்த பிறகு சோதனை இன்னும் இறுகியது. வீட்டு வரியும் மின் இணைப்பும் இருப்பதால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: வரி ரசீது அனுமதி ஆகாது.

"டென்ட், கன்டெய்னர், மரவீடு இதெல்லாம் கட்டடமே இல்லையே?"

அஸ்திவாரம் இல்லை என்பது மட்டும் கணக்கல்ல. ஆள் தங்குகிறார், கழிவு வருகிறது, விளக்கு எரிகிறது, அடுப்பு எரிகிறது. சூழல் உணர்திறன் மண்டல அறிவிப்புகளில் பெரும்பாலும் பூங்கா எல்லையிலிருந்து ஒரு கி.மீ.க்குள் புதிய வணிக விடுதிக்குத் தடை இருக்கும். சூழல் சுற்றுலாவுக்கான சிறு தற்காலிக அமைப்புக்கு விலக்கும் இருக்கும். அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு கான்கிரீட் மேடையில் இருபது டென்ட் போட்டுக் கழிப்பறையும் கட்டினால் ‘தற்காலிகம்’ நிற்காது.

"அந்த ஒரு கிலோமீட்டர் ரூலைத்தான் எடுத்துட்டாங்களாமே?"

பாதி உண்மை. 2022 ஜூன் 3-இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு தேசியப் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் குறைந்தது ஒரு கி.மீ. மண்டலம், அதில் புதிதாக நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்றது. ஊரில் வீடுகூடக் கட்ட முடியாத நிலை வந்ததால் 2023 ஏப்ரல் 26-இல் அதை மாற்றியது. வரைவு அல்லது இறுதி அறிவிப்பு வந்த இடங்களில் அந்தந்த அறிவிப்பும் 2011 பிப்ரவரி 9-ஆம் தேதி வழிகாட்டுதலும்தான் பேசும். எடுபட்டது அந்த ஒட்டுமொத்தத் தடை. சுரங்கத்துக்கு ஒரு கி.மீ. தடை அப்படியே இருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன வணிக விடுதித் தடை அறிவிப்பிலிருந்து வருவது, தீர்ப்பிலிருந்து அல்ல. ஆகவே அதுவும் போகவில்லை.

"வழித்தடத்துல ஒரு ஏக்கர் சல்லிசா வருது. வாங்கிப் போடலாமா?"

சல்லிசாக வருவதற்குக் காரணம் உண்டு. வழித்தடத்தை அறிவித்த 2010 அரசாணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14-இல் உறுதி செய்து, உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. அங்கே நிலம் வாங்குகிறவர் விற்றவரின் வழக்கையும் சேர்த்து வாங்குகிறார்.

இன்னொன்றும் பாருங்கள். சரணாலயம் அல்லது பூங்கா அமைக்கும் அறிவிப்பு வந்த நிலத்தில் வாரிசு வழியோ உயில் வழியோ தவிர வேறு எப்படியும் புதிய உரிமை உண்டாகாது (வன உயிரினச் சட்டம், பிரிவு 20). பத்திரம் பதிவாகிவிட்டது என்பது அதற்கு மறுமொழி ஆகாது.

"அனுமதி மறுத்துட்டாங்க. இல்லேன்னா பக்கத்துக்காரன் அனுமதியில்லாம கட்டுறான். எங்க போறது?"

எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் அட்டவணையில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வனப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. வன உயிரினச் சட்டமும் வன உரிமைச் சட்டமும் இல்லை. ஆகவே உணர்திறன் மண்டல மீறல் என்றால் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். பிரச்சினை எழுந்து ஆறு மாதத்துக்குள் மனு, மேல்முறையீட்டுக்குரிய ஆணை என்றால் 30 நாள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள். தலைமை வன உயிரினக் காப்பாளர் மறுத்தது என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட். வன உரிமைக் கோரிக்கையைக் கிராம சபை நிராகரித்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழு, அதன் பின் மாவட்டக் குழு.

எங்கே போனாலும் முதலில் மறுப்பை எழுத்தில், காரணத்தோடு, தேதியோடு வாங்குங்கள். கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். பக்கத்து நிலத்தைப் பற்றிய புகார் என்றால் சர்வே எண், தேதி தெரியும் புகைப்படம், உள்ளாட்சியில் அனுமதி உண்டா என்பதற்கான தகவல் உரிமைப் பதில் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அஸ்திவாரம் எடுக்கும்போதே கொடுங்கள்.